அரசாங்க ஆவணங்களும் தமிழ் மாணவரும்

தமிழ் பயிலும் மாணவராகிய நாம் கல்லையும் ஓலையையும் போற்றக் கற்றிருக்கிறோம். கோயிற்சுவரில் எழுத்துத் தென்பட்டால் நின்று நோக்குகிறோம்; ஒரு வீட்டுப் பரணில் ஏட்டுக்கட்டு உண்டென்று கேள்வியுற்றால் உள்ளங் கிளர்கிறோம். கறையான் வாய்ப்பட்ட ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் அருந்தொண்டு நமக்கு இவ்வுணர்ச்சியை ஊட்டியது, அது நன்றே. ஆனால் கல், ஓலை என்னும் இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. அதனை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது காகிதம், அதிலும் சர்க்கார்க் காகிதம். அதன் பெயரைக் கேட்ட அளவிலே, ‘அது சரித்திர வகுப்பார் பாடு, நமக்கு அதனோடு என்ன உறவு?’ என்று ஒதுங்கிவிடுகிறோம். இவ்வொதுக்கம் தவறானது என்பதும், இதனால் தமிழுக்கும் நட்டம், சரித்திரத்திற்கும் நட்டம், நம் மனச்சான்றுக்கும் நட்டம் என்பதும் நம் கருத்து. அதனை இயன்றவளவு விளக்குதலே இவ்வுரையின் நோக்கம்.

சென்னை எழும்பூரில், இரயில் நிலையத்திற்கு அண்மையில், காந்தி-இர்வின் சாலையில் செங்கற் கட்டடம் ஒன்று நிற்கின்றது. 1909-இல் எழுந்த அக்கட்டடத்தைப் பழையோர் ‘ரிக்கார்டு ஆபீஸ்’ என்பர். இன்று அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நாடோறும் எண்ணிறந்தோர் அதன் வாயிலைக் கடந்து இரயிலேறச் செல்கின்றனர், உட்புகுவோர் சிலரே. உள்ளே இருப்பதோ, 1670-ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டுப் புனித ஜார்ஜ் கோட்டையார் எழுதி வைத்த ஆலோசனைக் குறிப்புகள், கடிதங்கள், கணக்குகள், கொச்சியில் ஆண்ட டச்சுக்காரரின் ஏடுகள், தரங்கம்பாடியில் 1845 வரை இருந்த டேனியரின் ஏடுகள், 1786-இல் அமைந்த ரெவின்யூ போர்டின் நடவடிக்கைகள், மாவட்டக் கலெக்டர் கச்சேரிகளின் கட்டுகள், இனாம் பதிவேடுகள், நிலவரித்திட்டப் பதிவேடுகள். 1911-இல் இவற்றிற்கு முதற் காப்பாளராய் அமர்ந்த ஹென்றி டாட்வெல் என்பார், பழைய ஏடுகளைப் பட்டியலிடுவித்தும் அச்சிடுவித்தும் ஆராய்ச்சியாளர்க்கு வழி திறந்தார். புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, சென்னை அரசாங்கத்தின் செலவில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. நான்காம் தொகுதி முதலாகப் பதிப்பித்தவர் இந்த டாட்வெல்லே. தமிழன் தமிழில் எழுதிய நாட்குறிப்பை உலகம் ஆங்கிலத்தில் முதலில் முழுமையாய்ப் படித்தது என்றால், நம் ஒதுக்கத்தின் அளவை வேறு எவ்வாறு அளப்பது?

‘ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளனவே, தமிழ் மாணவனுக்கு அங்கே என்ன வேலை?’ என்பது முதலில் எழும் தடை. நாம் சொல்லுவது இதற்கு நேர்மாறானது. அவை ஆங்கிலத்தில் இருப்பதனாலேயே தமிழ் மாணவன் அங்கே வேண்டப்படுகிறான். ஏனெனில், எழுத்து ஆங்கிலமாயினும் பேச்சுத் தமிழ். குடியானவன் தமிழில் முறையிட்டான். கர்ணம் தமிழில் கணக்கெழுதினான். தாசில்தார் தமிழிற் கேட்டறிந்தார். அதன் பின்னரே துரையின் மேசையில் அது ஆங்கிலமாயிற்று. மூலத் தமிழ் மனுக்களிற் பல அழிந்தன, மொழிபெயர்ப்பே எஞ்சியது. அம்மொழிபெயர்ப்பினுள்ளும் தமிழ்ச் சொற்கள் உருச்சிதைந்து கிடக்கின்றன. ‘கானிகோபொலி’ என்று அங்கே வருபவர் நம் கணக்கப்பிள்ளையே. ‘பொட்டா’ என்பது பட்டா. ‘பார்ச்செரி’ என்பது பறைச்சேரி. அயலார் இவற்றை அகராதி கொண்டு அறிவர். அச்சொற்களின் பின்னே நிற்கும் வாழ்வை அறிய அகராதி போதாது.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்னைக் கலெக்டராய் இருந்த எல்லிஸ் துரை, மிராசு உரிமையைப் பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு வினாக்களுக்கு எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. ‘மிராசு’ என்பது பிறமொழியினின்று ஆட்சியாளர் வழியே வந்த சொல் என்பதையும், அதற்குரிய பழந்தமிழ்ப் பெயர் ‘காணியாட்சி’ என்பதையும் அவர் காட்டினார். கச்சேரியில் வழங்கிய ஒரு வரிச்சொல் என்று நாம் நினைத்தது, ஒரு சொல் மாறியவுடன், சோழர் காலக் கல்வெட்டுகளோடு தொடர்புடையதாய் எழுந்து நிற்கக் காண்கிறோம். கல்லையும் காகிதத்தையும் ஒருங்கு படிக்க வல்லவன் தமிழ் மாணவன் அல்லனோ? அவன் வாராதிருந்தால், அவ்விரண்டையும் இணைப்பார் யார்?

எல்லிஸின் பெயரைச் சொன்ன இடத்தில் மற்றொன்றும் சொல்லத் தகும். தென்மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவையல்ல, தமக்குள் ஓரினமாவன என்னும் உண்மையை நிறுவியவர் கால்டுவெல் ஐயரே என்று நாம் பள்ளிப் பருவந்தொட்டுப் படித்து வந்திருக்கிறோம். அவர் பாதிரியார் ஆதலின் நமக்கு அதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. அவருடைய ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1816-இல், காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் எல்லிஸ் அதனைச் சான்று காட்டி நிறுவியிருந்தார். அவர் 1812-இல் கோட்டைக் கல்லூரியை அமைத்து, அங்கே பட்டாபிராம சாஸ்திரி முதலிய உள்நாட்டுப் புலவரோடு கலந்து ஆராய்ந்த வரலாற்றைச் சென்னையிலும் இலண்டனிலும் உள்ள அரசாங்க ஏடுகளினின்றும் தொகுத்து, தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2006-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கால்டுவெல் ஐயரின் பெருமை இதனாற் குறைந்ததோ? குறையவில்லை. ஒப்பிலக்கணத்தின் விரிவும் ஆழமும் அவருடையனவே. ஆயினும், உரியவர்க்கு உரிய புகழ் சென்று சேர்ந்தது. இதனைச் செய்தது புதிய கொள்கையன்று, பழைய காகிதம்.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய பொருளுக்கு வருகிறோம். அது செங்கற்பட்டு மாவட்டத்துச் சேரி மக்களின் நிலத்தைப் பற்றியது. 1891-இல் அம்மாவட்டக் கலெக்டராய் அலுவல் பார்த்த ட்ரெமன்ஹியர் என்பவர், பறையர் நிலையைக் குறித்து ஒரு நீண்ட குறிப்பெழுதி அரசாங்கத்திற்கு அனுப்பினார். உழுபவர் அவர், விதைப்பவர் அவர், அறுப்பவர் அவர், நிலமோ அவர்க்கு இல்லை. தரிசு நிலத்திற்குத் தர்க்காஸ்து மனுக் கொடுத்தால், மிராசுதாரருக்கே முதலுரிமை என்னும் விதி குறுக்கே நின்றது. குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையது என்று வழக்காடப்பட்டமையால், எதிர்த்துப் பேசினவன் வீட்டை இழக்கும் அச்சத்தில் வாழ்ந்தான். இவற்றையெல்லாம் ஒரு கலெக்டரே எழுத்தில் எழுதி வைத்தார். அதன் மேல் ரெவின்யூ போர்டு எதிருரை கூறிற்று. ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆதாம் ஆண்ட்ரு, வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார் குரல் கொடுத்தனர். 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010 என்னும் எண்ணுள்ள ரெவின்யூ அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என வழங்கும் வழக்குகளின் வேர் இவ்வாணையிலே கிடக்கின்றது.

மேடைகளிலே இவ்வாணையைப் பற்றி நாம் கேட்பது என்ன? ‘வெள்ளையர் ஒரே ஆணையால் இலட்சக்கணக்கான ஏக்கரை ஏழைகளுக்கு வாரி வழங்கினர்’ என்பது. ஏடுகள் சொல்லும் செய்தி வேறு. ட்ரெமன்ஹியர் கேட்டவற்றுள் பலவற்றை அரசாங்கம் மறுத்தது. சிலவற்றைச் சுருக்கி ஏற்றது. தரிசில் ஒரு பகுதியை அம்மக்களுக்கென ஒதுக்கி வைக்க வழி திறந்தது. ஒதுக்கீடும் ஒப்படையும் பின்வந்த ஆண்டுகளில், வட்டம் வட்டமாகவும் ஊர் ஊராகவும் நடந்தன. இவ்வேறுபாடு சிறிதன்று. ஓர் ஊரில் தம் பாட்டனார் பெற்ற நிலம் பிறர் கைக்குப் போயிற்று என்று இன்றும் முறையிடும் குடும்பத்திற்கு, மேடையில் முழங்கும் பேரெண்ணால் ஒரு பயனும் இல்லை. அவ்வூரின் புல எண்ணும், ஒப்படையின் பசலியும், அதில் எழுதப்பட்ட நிபந்தனையுமே அதற்கு வேண்டும். வழக்கு மன்றம் கேட்பது முழக்கத்தையன்று, ஆவணத்தை. ஏழையின் பொருட்டு மிகைபடப் பேசுவோர், அவனுடைய எதிரியின் கையில் மறுப்புரையைத் தாமே எழுதிக் கொடுப்பவராகின்றனர். ஆகவே, சரித்திரத்தில் நுணுக்கம் என்பது புலவரின் பொழுதுபோக்கன்று. எளியவனுக்குச் செய்யும் நீதியின் ஒரு பகுதி.

தமிழ் மாணவன் இங்கே தனியாகச் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு. வழக்கின் நடுவே நின்ற சொல் ‘சேரி’. பழைய இலக்கியத்தில் அச்சொல் இழிவு சுமந்ததன்று. மக்கள் சேர்ந்து வாழும் இடம் எதனையும் அது குறித்தது. பார்ப்பனச் சேரியும் இருந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலோ, ஊர்நத்தம், குளம், சுடுகாடு முதலியவற்றோடு பறைச்சேரியும் வரியிலிருந்து கழிக்கப்பட்ட நிலமாக எண்ணப்படுகின்றது. 1891-இல் எழுந்த வினா, சேரி நிற்கும் மண் யாருடையது என்பது. பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இடையே கழிந்த காலம் பெரிது. ஆயினும், அவ்வினாவுக்கு எண்ணூற்றாண்டு நீண்ட ஒரு வரலாறு உண்டு என்பதையாவது யார் எடுத்துக் காட்டுவது? இலக்கியத்தையும் கல்வெட்டையும் பயின்றவன் எழும்பூருக்குப் போகவில்லை. எழும்பூருக்குப் போகிறவன் அவ்விரண்டையும் பயிலவில்லை. இந்த இடைவெளியே நாம் வருந்துவது.

மற்றொரு வருத்தமும் உண்டு. அது நம்மைச் சார்ந்தது. மிஷன் கல்லூரியில் பயிலும் கிறிஸ்தவ மாணவராகிய நாம், ‘நம் பாதிரிமார் சேரிகளைத் தேடிச் சென்று மக்களை மீட்டனர்’ என்று கேட்டே வளர்ந்தோம். சபை ஆண்டறிக்கைகளும் அவ்வாறே கூறும். ரூபா விஸ்வநாத் என்னும் ஆராய்ச்சியாளர், அரசாங்க ஏடுகளையும் மிஷன் ஏடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். அதில் அவர் காட்டும் உண்மைகளில் ஒன்று, பல இடங்களில் சேரி மக்களே முந்திக்கொண்டு பாதிரிமாரை நாடிச் சென்றனர் என்பது. தமக்கு ஒரு துணை வேண்டுமென்று உணர்ந்து, தாமே நடந்து சென்று கதவைத் தட்டினர். அப்படியானால், மீட்கப்பட்டவர் என்று நாம் இரக்கத்தோடு பேசி வந்தவர், தம் விடுதலைக்கு முதலடி வைத்தவர் ஆகின்றனர். இது நமக்குச் சிறுமையா? சிறுமை என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவர்க்கு நாம் பணிவோடு சொல்லுவது இது: கதவு தட்டப்பட்டபோது திறந்தவர்க்கும் புகழ் உண்டு, ஆனால் தட்டியவரின் கையை வரலாற்றிலிருந்து அழித்து அப்புகழைப் பெருக்கிக்கொள்ளுதல் பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த கட்டளை அன்றோ? அது அயலாருக்கு எதிராகச் சொல்லும் பொய்யை மட்டுமா விலக்கும்? நம் முன்னோருக்குச் சார்பாகச் சொல்லும் பொய்யையும் விலக்காதா?

‘அரசாங்க ஆவணம் அரசாங்கத்தின் வாய்தானே? அதனை நம்பலாமோ?’ என்பது அடுத்த தடை. இது நியாயமான ஐயம். ஆளுவோர் தாம் காண விரும்பியதையே கண்டனர். வரிக்கு வேண்டியதையே எண்ணினர். 1819-இல் ரெவின்யூ போர்டு பண்ணையடிமை முறையைக் குறித்துக் கலெக்டர்களைக் கேட்டது. கலெக்டர்கள் விடை எழுதினர். அடிமையாய் இருந்தவனை யாரும் தனக்காகப் பேசவிடவில்லை. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. சட்டம் பிறந்த நாளைக் கொண்டு படியாள் விடுதலை பெற்ற நாளைக் கணக்கிடுவோன் ஏமாறுவான். அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு சென்றபின் ட்ரெமன்ஹியர் எழுதிய குறிப்பே அதற்குச் சான்று.

ஆனால் ஐயம் என்பது படியாமைக்குக் காரணமன்று. கவனித்துப் படித்தற்குக் காரணம். அரசாங்கம் என்பது ஒரே வாயுமன்று. பழைய அரசாணை ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலில், எந்தெந்தக் கடிதங்கள் படிக்கப்பட்டன என்று வரிசை இருக்கும், அவை முழுமையாய்க் கீழே தரப்பட்டிருக்கும், கடைசியில்தான் ஆணை. அவசரக்காரர் ஆணையை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடுவர். உண்மையோ பெரும்பாலும் ஆணைக்கு முன்னே இருக்கும். கலெக்டர் ஒன்று சொல்ல, போர்டு அதனை மறுக்க, ஓர் உறுப்பினர் தனிக் கருத்துரைக்க, இவர்களுடைய சண்டையின் நடுவே ஊராரின் நிலை தன்னையறியாமல் வெளிப்படும். யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எதனை வேண்டி எழுதினார், எதனைச் சொல்லாமல் விட்டார் என்னும் நான்கு வினாக்களைக் கையிற் கொண்டு படிப்பவனை எந்த ஆவணமும் எளிதில் ஏமாற்றாது. செய்யுளுக்கு உரை காணும் நாம், கூற்று யாருடையது, கேட்போர் யார், எச்சம் யாது என்று ஆராயப் பழகியவர். தொல்காப்பியர் செய்யுளியலிற் கற்பித்த அப்பழக்கமே இங்கும் உதவும்.

செய்தித்தாள்களின் சுருக்கத் தொகுதிகளையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உள்நாட்டுப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று அறிய விரும்பிய அரசாங்கம், தமிழ் முதலிய மொழிப் பத்திரிகைகளின் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுவித்தது. நோக்கம் கண்காணிப்பு, விளைவோ காப்பு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ போன்ற பத்திரிகைகளின் மூல இதழ்கள் கிடைத்தற்கரியனவாய்விட்ட நிலையில், அவற்றின் குரல் அச்சுருக்கங்களிலே மெலிதாயினும் கேட்கின்றது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர், எந்தப் பத்திரிகை எந்த நாளில் எதனைப் பற்றி எழுதிற்று என்றறிய இதனினும் சிறந்த துணை வேறு காணார்.

நாம் வேண்டுவது யாது? ஒன்று: நம் கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் ஒவ்வொருவரும், பட்டம் பெறுதற்குமுன், ஏதேனும் ஒரு மூல ஆவணத்தைக் கொண்டு ஒரு சிறு கட்டுரையாவது எழுதுதல் வேண்டும். தம் ஊரின் இனாம் பதிவாயினும் சரி, தம் ஊர்ப் பள்ளியின் மானியக் கடிதமாயினும் சரி. பொருள் சிறிதாயினும் தானே கண்டதாய் இருத்தல் வேண்டும். இரண்டு: அதற்கு வேண்டிய பயிற்சியை வகுப்பிலேயே தருதல் வேண்டும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பதையும், ஆதலின் பசலி 1301 என்பது 1891-92 என்பதையும் அறியாதவன், கட்டைத் திறந்து வைத்தும் குருடன். தமிழ் எண்களையும் மா, காணி, முந்திரி என்னும் கீழ்வாய்க் கணக்கையும் அறியாதவன் நிலையும் அதுவே. மூன்று: தமிழ்த் துறையும் சரித்திரத் துறையும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் நீங்கவேண்டும். நான்கு: நம் கல்லூரியும் சபையும் தம் சொந்தக் கடிதங்களையும் பதிவேடுகளையும் ஒழுங்குபடுத்தி, ஆராய்வோர்க்குத் திறந்து வைத்தல் வேண்டும். அரசாங்கம் தன் குறைகள் எழுதப்பட்ட ஏட்டையே மக்களுக்குக் காட்டும்போது, நாம் மட்டும் பெட்டியைப் பூட்டி வைத்தல் அழகன்று.

‘இதற்கெல்லாம் பொறுமை வேண்டுமே’ என்பீர்கள். வேண்டும். கல்லூரியின் கடிதம் பெற்று விண்ணப்பித்து, அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, துறையும் ஆண்டும் எண்ணும் குறித்துக் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். வந்த கட்டில் வேண்டியது இல்லாதொழியலாம். இருந்த பக்கத்தைப் பூச்சி தின்றிருக்கலாம். அண்மையில் ஏடுகள் மின்படிகளாகி வருகின்றன. அது பெரும் உதவியே. ஆயினும் எந்தக் கருவியும் நமக்காகப் படித்துத் தராது. ஏட்டுச்சுவடிகளுக்காக வண்டிப்பாதைகளிலே அலைந்த பெரியோர்க்கு முன், இரயில் நிலையத்திற்கு எதிரேயுள்ள கட்டடத்திற்குச் செல்ல நாம் சோம்புதல் நாணத்தக்கது.

தோழர்களே, அடுத்த முறை எழும்பூரில் இரயிலுக்காகக் காத்திருக்கும்போது, அச்செங்கற் கட்டடத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். எவனோ ஒரு குடியானவன், எழுதத் தெரியாதவன், பிறனைக் கொண்டு எழுதுவித்து, கீழே கைந்நாட்டிட்டு அனுப்பிய மனு அங்கே ஒரு கட்டினுள் இருக்கின்றது. அவனுக்கு அன்று கிடைத்த விடை, ‘தலையிட முடியாது’ என்னும் ஒரு வரியாக இருக்கலாம். அவன் பேசிய தமிழை அம்மொழிபெயர்ப்பினுள் கேட்டறியக் கூடியவர் நாமே. அதனைக் கேளாமல், தமிழ் கற்றோம் என்று பட்டம் பெற்றுச் செல்லுதல் நமக்குத் தகுமா என்று எண்ணிப் பாருங்கள்.